எந்த நாடு பலம் என்று கேட்பதற்கு முன்னால்

"சிவிலைசேஷன் 6 இல் ஆகப் பலமான நாடு எது அண்ணன்?" என்ற கேள்வி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாட்டைத் தெரிந்தெடுத்து, ஆதிகாலத்தில் இருந்து டேர்ன் டேர்னாக வளர்க்கிற கொம்பியூட்டர் கேம் அது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் யூடியூப்பில் யாரோ போட்ட தரவரிசையைப் பார்த்து, முதலிடத்தில் இருந்த நாட்டை எடுத்து ஆடி, பாதி ஆட்டத்திலேயே பக்கத்து நாட்டுக்காரனிடம் தலைநகரைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். தரவரிசை பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் இரண்டு விஷயம் எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஒரு நாட்டின் பலம் ஆட்டத்தின் எந்தக் காலத்தில் வருகிறது, அந்தப் பலம் வருவதற்கு எப்படிப்பட்ட நிலம் வேண்டும் என்ற இரண்டும்தான் அவை. இந்த இரண்டையும் பார்க்காமல் நாட்டை எடுப்பது, பெரும்போகத்துக்கான நெல்லைச் சிறுபோகத்தில், அதுவும் மேட்டு நிலத்தில் விதைப்பது மாதிரி. விதை நல்ல விதைதான், விளையாது.

இங்கே மட்டக்களப்பில் இந்த கேமை ஆடுகிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. 2020 மே மாதத்தில், ஊரடங்கு இன்னும் முழுதாக எடுபடாத நேரத்தில், எபிக் கேம்ஸ் கடையில் ஒரு வாரம் இதை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது எடுத்துக்கொண்டவர்கள்தான் நாங்கள் பெரும்பாலும். அப்புறம் ரைஸ் அண்ட் ஃபோல், கெதரிங் ஸ்டோர்ம் இரண்டு விரிவாக்கமும் வாங்கினோம். ஒரே லெப்டொப்பைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடுகிற ஹொட்சீட் முறை எங்களுக்கு மிகவும் பொருந்தியது, ஏனென்றால் எல்லோருடைய கொம்பியூட்டரும் இதை இழுக்காது. 2022 இல் நாள் முழுக்க மின்வெட்டு இருந்த காலத்தில்கூட, கரண்ட் இருக்கிற மணித்தியாலத்தில் நாலு டேர்ன் ஆடி, சேவ் பண்ணி மூடிவிட்டு, மிச்சத்தை வாயால் ஆடினோம். இப்படி நின்று நிதானமாகக் கதைத்துக் கதைத்து ஆடியதால்தான் எந்த நாடு எங்கே எழும்பும், எங்கே விழும் என்பது பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் கேமின் அடிப்படைக் கணக்கு ஒன்று, புதிதாக வருகிறவர்களுக்காக. சிவ் 6 இல் ஒரு நகரத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கமுடியாது. விஞ்ஞானத்துக்குக் கெம்பஸ், கடவுளுக்குப் புனிதத்தலம், கடலுக்குத் துறைமுகம் என்று ஒவ்வொன்றும் மேப்பில் ஒரு கட்டத்தைப் பிடிக்கிற டிஸ்ட்ரிக்ட். மக்கள்தொகை 1, 4, 7, 10 என்று ஏறும்போதுதான் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டாகக் கட்ட அனுமதி கிடைக்கும். அந்த டிஸ்ட்ரிக்டுக்குப் பக்கத்தில் மலை இருக்கிறதா, ஆறு இருக்கிறதா, காடு இருக்கிறதா என்பதைப் பொறுத்து வருமானம் கூடும், குறையும். ஆக, நிலம்தான் பாதி ஆட்டம். செட்லரை, அதாவது நகரம் வைக்கிற குடியேறியை, முதலில் கொண்டுபோய் இறக்கும்போதே உன் நாடு என்ன கேட்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஆட்டத் தொடக்கத்திலேயே பலமாக இருக்கிறவர்களிடம் இருந்து வருவோம். சுமேரியாவின் போர்வண்டிக்குச் சண்டைப் பலம் 30, அந்தக் காலத்தில் மற்றவனிடம் இருக்கிற சாதாரண வீரனுக்கு 20. ஈட்டிக்காரன் குதிரையை அடிப்பான் என்ற விதியும் இந்த வண்டிக்கு எடுபடாது. பக்கத்தில் ஒருவன் இருந்தால் அவனை உடனே அடிக்க வேண்டும், அவ்வளவுதான் சுமேரியா. அதிகம் சொல்ல இல்லை.

சிதியா கொஞ்சம் ஆழமானது. டொமிரிஸ் ராணி ஒரு இலகு குதிரைப்படையைக் கட்டினால் இரண்டாவது இலவசம். சாகா குதிரை வில்வீரனுக்கும் அதே கணக்கு, அவனுக்குக் குதிரை வளம்கூடத் தேவையில்லை. காயப்பட்ட எதிரியை அடிக்கும்போது 5 பலம் கூடும், ஒருவனைக் கொன்றால் 30 வரை தன் காயம் ஆறும். இதைப் படிக்கிற எவனுக்கும் வாய் ஊறும். ஆனால் ஆடிப் பார்த்தால் ஒரு இடத்தில் வண்டி நின்றுவிடும். அந்த இடம் மதில். மதிலை இடிக்கிற ஆட்டுக்கடா இயந்திரம் காலாட்படைக்கும் ஈட்டிப்படைக்கும்தான் உதவும், குதிரைக்கு உதவாது. எதிரி முதல் மதிலைக் கட்டி முடித்த அன்றைக்கு, உன்னிடம் இருக்கிற பத்துக் குதிரையும் ஊரைச் சுற்றிச் சுற்றி வயலைக் கொள்ளையடிக்கத்தான் பயன்படும். அதனால் சிதியாவை எடுக்கிறவன் குதிரையேற்றம் கண்டுபிடித்ததில் இருந்து எதிரி மதில் கட்டுகிற வரைக்குமான அந்த இடைவெளியை மட்டும் நம்பி எடுக்க வேண்டும். அதற்குள் இரண்டு நகரமாவது பிடிபடவில்லை என்றால், மிச்ச ஆட்டத்தில் நீ ஒரு சாதாரண நாடு. இரண்டு மூன்று காலாள்களையும் ஒரு ஆட்டுக்கடாவையும் சேர்த்துக் கொண்டுபோனால் அந்த இடைவெளி கொஞ்சம் நீளும். எங்கள் கூட்டத்தில் சிதியா எடுத்து வென்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் வென்றார்கள்.

இனி எல்லோரும் அடித்துப்பிடிக்கிற கொரியாவும் பாபிலோனும். இரண்டுமே விஞ்ஞானத்துக்குப் பேர்போனவை. ஆனால் இவை இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் ஆடுகிறவனிடம் இவை கேட்கிற குணம் முற்றிலும் வேறு.

கொரியாவின் கெம்பஸுக்கு செவொன் என்று பெயர். மற்ற நாட்டுக்காரன் மலையைத் தேடி அலைந்து இரண்டோ மூன்றோ விஞ்ஞானம் எடுக்கிற நேரத்தில், செவொன் ஒரு குன்றின்மேல் ஏறினாலே 4 விஞ்ஞானம் கொடுத்துவிடும். பக்கத்தில் வேறு டிஸ்ட்ரிக்ட் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும், அதனால் அதைத் தனியே விடவேண்டும். செவொனுக்குப் பக்கத்தில் சுரங்கம் வெட்டினால் சுரங்கத்துக்கும் விஞ்ஞானம் வரும், வயல் போட்டால் உணவு கூடும். தனிச்சிறப்பான டிஸ்ட்ரிக்ட் என்பதால் கட்டுகிற செலவும் பாதி. இன்னொரு விஷயம், ரேஷனலிசம் என்ற கொள்கை அட்டை இருக்கிறதே, அது கெம்பஸின் அட்ஜசென்சி, அதாவது இருக்கிற இடத்தால் வருகிற வருமானம், 4 இருந்தால்தான் பாதிப் பலனைத் தரும். மற்றவன் அந்த 4 க்காக மலைத்தொடரின் மூலையைத் தேடுவான். கொரியாக்காரனுக்கு எல்லா நகரத்திலும் அது தானாகவே இருக்கிறது. ஆகவே கொரியாவில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: குன்று இருக்கிற இடமெல்லாம் நகரம், எழுத்துமுறை கிடைத்த உடனே ஒவ்வொரு நகரத்திலும் செவொன், பிறகு ஆளுநர்களை ஒழுங்காக உயர்த்துவது. செண்டொக் ராணிக்கு ஆளுநரின் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அந்த நகரத்தில் விஞ்ஞானமும் கலாசாரமும் 3 சதவீதம் கூடும்.

எளிமையான நாடு, நேர்மையான நாடு. ஆனால் செவொனைத் தனியே விடவேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் பிரச்சினை. தனியே விடுவதால் அது பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில், எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கொம்பியூட்டரோடு ஆடும்போது இது பெரிதாகத் தெரியாது. மனிதனோடு ஆடும்போது, அவன் இரண்டு குதிரையை அனுப்பி செவொனைக் கொள்ளையடிப்பான், கெம்பஸைக் கொள்ளையடிக்கிறவனுக்கு விஞ்ஞானம் போய்ச் சேரும். நீ வளர்த்ததை அவன் எடுத்துப்போகிறான். கொரியாவின் ஹ்வாச்சா படை நல்ல படைதான், ஆனால் அது மறுமலர்ச்சிக் காலத்தில்தான் வரும், அதுவும் நகர்ந்த டேர்னில் சுடமாட்டாது. இடையில் இருக்கிற காலம் முழுக்கக் கொரியாவுக்குக் காவல் இல்லை. பக்கத்தில் சிதியாக்காரன் இருக்கும்போது கொரியா எடுக்கவே கூடாது என்று நான் சொல்லுவது இதனால்தான்.

பாபிலோன் வேறு கதை. ஹமுராபியின் விஞ்ஞானம் டேர்னுக்கு டேர்ன் வருவதில் பாதி வெட்டப்படும். அதற்குப் பதிலாக, யூரேக்கா கிடைத்தால், அதாவது ஒரு தொழில்நுட்பத்துக்கென்று குறித்த காரியத்தைச் செய்து முடித்தால், அந்தத் தொழில்நுட்பம் முழுவதுமாகக் கையில் வந்துவிடும். மற்றவர்களுக்கு யூரேக்கா 40 சதவீதம்தான். இதை வாசிக்கும்போது பெரிதாகத் தெரியாது. இப்படிப் பாருங்கள்: கவண்காரன் ஒருவன் ஒரு எதிரியைக் கொன்றால் வில்வித்தையின் யூரேக்கா. உடனே வில்வீரர் கட்டலாம். மூன்று வில்வீரர் சேர்ந்தால் இயந்திரவியலின் யூரேக்கா, அதாவது குறுக்குவில். அந்த வில்வீரரைக் காசு கொடுத்து இரண்டு குறுக்குவில்காரராக மாற்றினால் உலோக வார்ப்பின் யூரேக்கா, அது பீரங்கி. காட்டுமிராண்டி ஒருவன்மேல் கல் எறிந்ததில் தொடங்கி, பக்கத்து நாட்டுக்காரன் இன்னும் வாளைத் தீட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் பீரங்கிக் காலத்தில் போய் நிற்கலாம். மூன்று சுரங்கம் வெட்டினால் பயிற்சித்தொழிலின் யூரேக்கா, அதோடு கவசம் போட்ட காலாள்களும் வந்துவிடுவார்கள்.

இதைக் கேட்டு எல்லோரும் பாபிலோன்தான் ராஜா என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், காரணம் காசு. தொழில்நுட்பம் இலவசமாக வந்தாலும் படை இலவசமாக வராது. வில்வீரரைக் குறுக்குவில்காரராக மாற்ற முதலில் தங்கம் வேண்டும். கவசக் காலாளுக்கு இரும்பு, பீரங்கிக்கு வெடியுப்பு என்று நிலமும் கைகொடுக்க வேண்டும். அதோடு சில யூரேக்காக்கள் உன் கையில் இல்லை. ஜோதிடத்தின் யூரேக்காவுக்கு இயற்கை அதிசயம் ஒன்று கண்ணில் படவேண்டும், கல்வியின் யூரேக்காவுக்குப் பெரும் விஞ்ஞானி ஒருவர் உன்னிடம் வரவேண்டும். பாபிலோனை எடுக்கிறவன் யூரேக்காப் பட்டியலை நெட்டுருப் போட்டவனாக, அடுத்த இருபது டேர்னில் எதை எதை எந்த ஒழுங்கில் செய்யவேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடுகிறவனாக இருக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் கல்முனைப் பக்கத்தில் இருந்து வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், கணக்காளர். அவர் பாபிலோன் எடுத்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத்தான் முதலில் பார்ப்போம். வேறொருவர் எடுத்தால் பயமே இல்லை. கொரியா எவன் கையில் இருந்தாலும் ஓரளவுக்கு ஓடும், பாபிலோன் அதைத் தெரிந்தவன் கையில் மட்டும்தான் ஓடும். இந்த வித்தியாசத்தை எந்தத் தரவரிசையும் சொல்லுவதில்லை.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான ஜோடிக்கு வருகிறேன். போர்த்துக்கலும் நெதர்லாந்தும்.

மட்டக்களப்பில் பிறந்த ஒருவனுக்கு இந்த இரண்டையும் கேமில் பார்க்கும்போது வேறு மாதிரித்தான் இருக்கும். புளியந்தீவில், வாவி ஓரத்தில், நீண்ட காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய எங்கள் கோட்டை 1628 இல் போர்த்துக்கீசர் கட்டியது. பத்தே வருடத்தில், 1638 இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்துக்காரர், வந்து அதைப் பிடித்தார்கள். அந்த மே மாதம் இரண்டு தரப்பும் ஒப்பந்தம் கைச்சாத்திட்டதும் மட்டக்களப்பில்தான். இதில் சம்பந்தப்பட்ட மூன்று பேரும் சிவ் 6 இல் இருக்கிறார்கள். போர்த்துக்கலும் நெதர்லாந்தும் ஆடக்கூடிய நாடுகள், கண்டி ஒரு நகர அரசு, அதாவது யாரும் எடுத்து ஆடமுடியாத ஒற்றை நகர நாடு.

போர்த்துக்கலின் மூன்றாம் ஜொவாவோ வணிகத்துக்கென்றே செய்த தலைவர். வெளிநாட்டு வணிகப் பாதை எல்லாவற்றிலும் 50 சதவீதம் கூடுதல் வருமானம், ஆனால் கடலோர நகரத்துக்கோ துறைமுகம் உள்ள நகரத்துக்கோ மட்டும்தான் போகலாம். புதிய நாடு ஒன்றைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வணிகப் பாதை கூடும். எல்லாப் படைக்கும் பார்வைத் தூரம் ஒன்று கூட. நகர அரசுகளின் எல்லைக்குள் தாராளமாகப் போய்வரலாம். இவருக்குப் பாதி ஆட்டம் கப்பலை அனுப்பி ஊர் பார்ப்பதுதான். அப்புறம் நாவு என்ற கப்பல் வரும். அது இன்னொருவனின் கரையோரத்திலோ நகர அரசின் கரையோரத்திலோ ஃபெயிட்டோரியா என்ற பண்டகசாலையைக் கட்டும். அந்த ஊருக்குப் போகிற உன் வணிகப் பாதைக்கு 4 தங்கமும் 1 உற்பத்தியும் கூடுதலாக வரும். நல்ல தீவுக்கூட்ட மேப்பில் போர்த்துக்கல் கையில் கொட்டுகிற தங்கத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியும்.

கண்டி பக்கத்தில் வந்துவிட்டால் இன்னும் விசேஷம். கண்டியின் ஆதரவைப் பிடித்தவனுக்கு, புதிய இயற்கை அதிசயம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஒரு திருப்பொருள் கிடைக்கும், திருப்பொருள்களில் இருந்து வருகிற பக்தியும் (சமயத்தால் சேருகிற வளம்) பாதி மடங்கு கூடும். பார்வைத் தூரமும் கப்பலும் உள்ள போர்த்துக்கலைவிட வேகமாக இயற்கை அதிசயங்களைக் கண்டுபிடிக்கக்கூடிய நாடு குறைவு. வரலாற்றில் கண்டி ஒல்லாந்தரோடு நின்றது, கேமில் போர்த்துக்கலோடு சேர்ந்தால்தான் கண்டிக்கு அழகு.

சரி, இவ்வளவு இருக்கிற நாடு ஏன் எங்கள் ஹொட்சீட்டில் அடிக்கடி தோற்கிறது? யுத்தம் அறிவித்த மறு நிமிடமே அந்த நாட்டோடு இருந்த வணிகப் பாதை எல்லாம் அறுந்துவிடும். ஃபெயிட்டோரியா இன்னொருவன் மண்ணில் நிற்கிறது. வருமானம் முழுவதும் மற்றவனின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது. கொம்பியூட்டர் எதிரிகளை நட்பாக வைத்துக்கொள்ளலாம், பரிசு கொடுக்கலாம், கூட்டணி போடலாம். மனிதன் அப்படி இல்லை. உனக்குக் காசு கூடிவிட்டது என்று தெரிந்த அந்த டேர்னில், "மச்சான், மன்னிச்சுக்கொள்" என்று சொல்லிக்கொண்டே யுத்தத்தை அறிவிப்பான்.

அந்த இடத்தில்தான் நெதர்லாந்து. வில்ஹெல்மினா ராணியின் நாடு முதலில் ஆற்றைக் கேட்கிறது. ஆற்றங்கரையில் கட்டும் கெம்பஸ், நாடகச் சதுக்கம், தொழிற்பேட்டை மூன்றுக்கும் தலா 2 கூடுதல். துறைமுகம் கட்டி முடித்தால் சுற்றியிருக்கிற கட்டங்கள் தானாக உன் எல்லைக்குள் வரும். உள்நாட்டு வணிகப் பாதை போட்டால் பாதை தொடங்குகிற நகரத்தின் விசுவாசம் உயரும். பிறகு போல்டர். குறைந்தது மூன்று நிலக்கட்டங்கள் தொட்டுக்கொண்டிருக்கிற ஆழமில்லாத நீர்க்கட்டத்தை மீட்டு வயலாக்குவது. பக்கத்தில் இன்னொரு போல்டர் இருந்தால் விளைச்சல் இன்னும் கூடும். நிலத்துக்குள் புகுந்து வளைந்து கிடக்கிற, எங்கள் வாவி மாதிரியான நீர்நிலை மேப்பில் வந்தால், வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எங்கே நகரம் வைக்கவேண்டும் என்று சட்டென்று தெரியும். மற்ற நாட்டுக்காரன் பிரயோசனம் இல்லை என்று விட்டுப்போன மூலையில் நெதர்லாந்து ஒரு பெரிய நகரத்தை வளர்த்துவிடும்.

ஆனால் அடிக்கிற ஆயுதம் டி செவன் ப்ரொவின்சியன் என்ற அவர்களின் போர்க்கப்பல். நகரத்தின் காவலை, மதிலை அடிக்கும்போது 7 பலம் கூட. போர்த்துக்கல் வணிகத்துக்காகக் கடலோரத்தில்தான் நகரம் வைத்தாக வேண்டும், நெதர்லாந்தின் கப்பல் கடலோர நகரத்தை உடைக்கவே பிறந்தது. நேரத்தைப் பாருங்கள்: நாவு கப்பல் வரைபடவியலோடு வரும். ஒல்லாந்தக் கப்பலுக்கு அதற்குப் பிறகு இன்னும் படி ஏறவேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற காலம்தான் போர்த்துக்கலின் பொற்காலம். அந்தக் காலத்தில் சேர்ந்த தங்கத்தைக் கட்டிடத்திலும் அதிசயங்களிலும் மட்டும் கொட்டாமல், ஒரு பகுதியை மதிலுக்கும் கப்பற்படைக்கும் வைக்கிற போர்த்துக்கல்காரன் பிழைப்பான். அவர்களின் கடற்பயணப் பள்ளி கட்டிய நகரத்தில் கப்பல் 25 சதவீதம் வேகமாகக் கட்டலாம், அதை யாரும் பயன்படுத்துவதை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் அதில் வருகிற விஞ்ஞானத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். போர்த்துக்கலை ஆடுகிற தம்பிமாருக்கு நான் சொல்லுகிற முதல் விஷயம் இதுதான்: காசு வருகிறபோதே கப்பலைக் கட்டு, ஒல்லாந்தன் வந்தபிறகு கட்ட நேரம் இருக்காது.

படுவான்கரைப் பக்கம் வயல் செய்கிற குடும்பத்தில் இருந்து வருகிற ஒரு மச்சான் எப்போதும் கெமர்தான் எடுப்பான். கேட்டால், "அவங்கதான்டா தண்ணி தெரிஞ்சவங்க" என்பான். உண்மைதான். அங்கோரின் மேற்குப் பராய் என்ற நீர்த்தேக்கம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், 11 ஆம் நூற்றாண்டில் வெட்டியது. உன்னிச்சைக் குளத்தையும் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தையும் பார்த்த எங்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்பாறைப் பக்கம் கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கிய பிறகு அந்த நிலத்தின் முகமே மாறியது, நல்லதும் கெட்டதுமாக. கேமில் கெமர் அதைத்தான் செய்கிறது. நீர்க்கால்வாய் டிஸ்ட்ரிக்ட் கட்டினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு வயலுக்கும் 2 உணவு கூடும், நகரத்தின் ஒவ்வொரு மக்கள்தொகைக்கும் 1 பக்தி வரும். ஆற்றங்கரையில் புனிதத்தலம் வைத்தால் அதற்கும் 2 கூடும், அந்தத் தலத்தின் பக்தி அளவுக்கு உணவும் கிடைக்கும். மக்கள் பெருகப் பெருகப் பக்தி, பக்தி பெருகப் பெருக மக்கள்.

தரவரிசைகளில் கெமர் நடுவில் எங்கோ கிடக்கும். காரணம், உணவும் பக்தியும் மட்டும் வைத்து யுத்தமும் செய்யமுடியாது, ரொக்கெட்டும் விடமுடியாது என்பது. ஆனால் கெமரின் பலத்தை வேறொன்றாக மாற்றத் தெரிந்தவனிடம் இது பயங்கரமான நாடு. பொற்காலம் என்று கேமே கொடுக்கிற சிறப்புக் காலம் கிடைத்தால் மொனுமெண்டாலிட்டி என்ற அர்ப்பணிப்பை எடுத்துப் பக்தியாலேயே செட்லரும் பில்டரும் வாங்கலாம். மச்சான் அப்படித்தான் ஒரு பொற்காலத்துக்குள் நகரங்களை இரட்டிப்பாக்குவான், உற்பத்தியில் ஒரு சதமும் செலவில்லை. டொம்ரே என்ற அவர்களின் யானைமேல் ஏற்றிய எறிபொறி நகர்ந்த டேர்னிலேயே சுடும், மத்திய காலத்தில் மற்ற எந்த முற்றுகைப் படைக்கும் சாதாரணமாக அது முடியாது. அதை நம்பி ஒரு யுத்தம் செய்யலாம். ஆனால் இவ்வளவுக்கும் ஆறு வேண்டும். தொடங்குகிற இடத்தில் ஆறு இல்லாவிட்டால் கெமரை வைத்துக்கொண்டு மாரடிக்காமல் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. புனிதத்தலத்தை முதலில் கட்டுவதால் கெம்பஸ் பிந்தும் என்பதும் உண்மை, பக்கத்தில் கொரியா இருந்தால் அந்தப் பிந்தல் கடைசிவரைக்கும் வலிக்கும்.

ரோமையும் ஜேர்மனியையும் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ரோம் எந்த நிலத்திலும் ஓடும். ட்ரேஜன் நகரம் வைத்த உடனே நினைவுச்சின்னம் இலவசம், தலைநகருக்கு வீதியும் தானாக வரும். புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ரோமைத்தான் சொல்லுவேன். ஜேர்மனிக்கு எல்லா நகரத்திலும் மக்கள்தொகை அனுமதிப்பதைவிட ஒரு டிஸ்ட்ரிக்ட் கூடுதலாகக் கட்டலாம், ஹான்சா என்ற அவர்களின் தொழிற்பேட்டை, வணிகமையத்துக்குப் பக்கத்தில் நின்றால் உற்பத்தி கொட்டும். பிந்திய காலத்துக்கு ஜேர்மனி மாதிரி உறுதியான நாடு குறைவு. தொடக்கத்தில் அமைதியாக இருக்க விடுகிற பக்கத்து வீட்டுக்காரன் வேண்டும், அது மட்டும்தான்.

ஒரு விஷயம் விடுபட்டுப் போகக்கூடாது. கொம்பியூட்டரோடு ஆகக் கடினமான டெயிட்டி தரத்தில் ஆடுவதும், நாலு நண்பர்களோடு ஆடுவதும் இரண்டு வேறு கேம். டெயிட்டியில் எதிரி தொடக்கத்திலேயே மூன்று செட்லரோடு இறங்குவான், அதனால் முதல் ஐம்பது டேர்ன் தாக்குப்பிடிக்கக்கூடிய நாடு வேண்டும். ஆனால் அவன் கடலில் மந்தமானவன், உன் பலவீனத்தைத் தேடி அடிக்கத் தெரியாதவன். அங்கே போர்த்துக்கலும் கொரியாவும் மிக நல்லவை. நண்பர்களுக்கு அந்தத் தொடக்கச் சலுகை இல்லை, ஆனால் உன் செவொன் எங்கே நிற்கிறது, உன் மதில் எத்தனை நகரத்தில் இல்லை என்பதை அவர்கள் எண்ணி வைத்திருப்பார்கள். அங்கே சிதியாவும் நெதர்லாந்தும் மேலே வரும். யூடியூப் தரவரிசைகளில் பெரும்பாலானவை முதல் வகை ஆட்டத்தை வைத்துப் போட்டவை. அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது வகைக்கு வந்தால் தலைநகர் போகத்தான் செய்யும்.

2025 பெப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7 இல் இந்தக் காலக் கணக்கைக் கேமைச் செய்தவர்களே கையில் எடுத்துவிட்டார்கள். வெளிவந்தபோது அங்கே ஆட்டம் மூன்று யுகமாகப் பிரிந்திருந்தது, தலைவர் ஒருவரே, நாடு மட்டும் யுகத்துக்கு யுகம் மாறியது. எந்த நாடும் அது செழித்திருந்த காலத்தில்தான் வந்தது. நடுவில் உள்ள தேடற்பயண யுகத்தில் சோழர் இருக்கிறார்கள், கலம் என்ற தங்கள் கப்பலோடு. சிவ் 6 இல் தேடித் தேடிக் கிடைக்காத பெயர் அது. கொழும்புக்கு ரயிலில் போகும்போதெல்லாம் பொலன்னறுவையைத் தாண்டித்தான் போகிறோம், ஒரு காலத்தில் சோழர் இலங்கையை ஆண்ட தலைநகர். அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அந்த முறை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. சிதியாவை எடுத்து மதில் வருவதற்குள் ஓடி முடிக்கிற பதட்டமும், கெமரின் ஆறு கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பும், பலம் போன பிறகும் அதே நாட்டைக் கடைசிவரை காப்பாற்றி இழுத்துக்கொண்டு வருகிற பிடிவாதமும் 6 இல்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் 7 க்கு மாறிவிட்டார்கள். மிச்சப் பேர் இன்னும் 6 இல்தான். அடுத்த ஆட்டம் தீவுக்கூட்ட மேப், நான் போர்த்துக்கல் எடுக்கிறேன், கணக்காளர் நெதர்லாந்து கேட்டிருக்கிறார்.